நடந்து வந்த வேலி

மனித குலம் தன்னைக் காத்துக்கொள்ளக் கண்டுபிடித்தவற்றுள் தலையாயது எது என்று கேட்டால் சிலர் பூட்டு என்பார்கள், சிலர் நாய் என்பார்கள், துப்பாக்கி என்பவர்களும் உண்டு. பாவம், விவரம் தெரியாதவர்கள். தலையாயது படிவம் பதினேழு. அதை வீடு வீடாகக் கொண்டுபோய் நிரப்பும் பாக்கியம் பெற்ற பதினோரு பேரில் அடியேனும் ஒருவன் என்பதைத் தன்னடக்கத்தோடு தெரிவித்துக்கொள்கிறேன்.

எங்கள் அலுவலகத்தின் பெயர் 'இல்லப் பாதுகாப்பு உணர்வு மேம்பாட்டு மையம்'. படிப்பவர்கள் பலரும் 'பாதுகாப்பு' என்ற சொல்லிலேயே நின்றுவிடுகிறார்கள். அதற்கு அடுத்த சொல்தான் நாங்கள். பாதுகாப்பு வேண்டுமென்றால் போலீஸ் இருக்கிறது. அவர்கள் "இது நிலத் தகராறு, சர்வேயரைப் பாருங்க" என்பார்கள். சர்வேயர் "மிரட்டுறாங்கன்னா போலீஸுக்குத்தான் போகணும்" என்பார். இரண்டு இடத்துக்கும் நடந்து செருப்பு தேய்ந்தவரிடம் கடைசியில் மிஞ்சுவது பயம் ஒன்றுதான். அதைப் போக்குவது எங்கள் பணி. பயத்துக்குக் காரணமானதைப் போக்குவது எங்கள் பணியில் வராது.

அப்படி எங்களிடம் வந்து சேர்ந்தவர்தான் கணக்கு டீச்சர். ஓய்வு பெற்றவர். ரயில்வேயில் கார்டாக இருந்து ஓய்வு பெற்ற கணவரோடு, ஊரைத் தாண்டி வயல்களுக்கு நடுவே, தார் ரோட்டை ஒட்டி ஒரு சின்ன வீடு கட்டிக்கொண்டு நிம்மதியாக இருக்கலாம் என்று போனவர். வீட்டுக்குப் பின்னால் இருந்த நிலத்தில் ஆழ்துளைக் கிணறு தோண்டும் வண்டிகள் நான்கை வைத்துக்கொண்டு இரண்டு சகோதரர்கள் வந்து குடியேறினார்கள். ஊரில் அவர்களுக்குப் 'பெரிய போர்வெல்', 'சின்ன போர்வெல்' என்று பெயர்.

முதல் முறை நான் போனபோது டீச்சர் என்னைக் கொல்லைப்பக்கம் கூட்டிக்கொண்டு போனார். முள்கம்பி வேலி. அதற்கு அப்பால் ஒரு கொய்யா மரம்.

"போன மாசம் அந்த மரம் எங்க பக்கம் இருந்துச்சு தம்பி."

"மரம் நகராதே டீச்சர்."

"மரம் நகரல. வேலி நகர்ந்துச்சு. மாசத்துக்கு எட்டடி. நான் டேப் வெச்சு அளந்திருக்கேன்."

அப்போது வேலிக்கு மேலே பெரிய போர்வெல்லின் தலை தெரிந்தது. கொய்யாப்பழம் ஒன்றைக் கடித்துக்கொண்டிருந்தார்.

"டீச்சரம்மா, உங்க வாசக்கதவு தாழ்ப்பாள் லொடலொடங்குதே. ஒரு உதை தாங்காது. வயசானவங்க, பாத்து இருங்க."

'அண்டை வீட்டார் மிகுந்த அக்கறை காட்டுகிறார்' என்று குறித்துக்கொண்டேன்.

பிறகு படிவத்தை எடுத்தேன். உங்கள் வீட்டில் எவ்வளவு பாதுகாப்பாக உணர்கிறீர்கள், ஒன்றிலிருந்து பத்துக்குள் சொல்லவும்.

"பூஜ்யம்," என்றார் டீச்சர்.

"பூஜ்யம் அச்சடிக்கல டீச்சர்."

"அப்ப ஒண்ணு."

கூடத்தில் நாற்காலியில் சாய்ந்திருந்த கார்டு ஐயாவிடமும் கேட்டேன். காது மிஷின் அவருடைய சட்டைப்பையில் இருந்தது. நான் மணி கேட்கிறேன் என்று நினைத்தாரோ என்னவோ, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்து "ஒம்போது" என்றார். ஒன்றும் ஒன்பதும் பத்து. இரண்டால் வகுத்தால் ஐந்து. ஐந்து என்றால் எங்கள் அட்டவணையில் 'திருப்தி'.

"முப்பத்து மூணு வருஷம் சராசரி சொல்லிக் குடுத்திருக்கேன்," என்றார் டீச்சர். "இப்படி ஒரு சராசரியை நான் பாத்ததே இல்ல."

பாராட்டினார் என்று எழுதிக்கொண்டேன்.

ஆனாலும் எங்கள் அலுவலகம் அதோடு விட்டுவிடவில்லை. இயக்குநர் தலைமையில் இரண்டேகால் மணி நேரம் ஆய்வுக் கூட்டம் நடந்தது. முதல் ஒரு மணி நேரத்தில் 'ஆக்கிரமிப்பு' என்ற முரட்டுச் சொல் நீக்கப்பட்டு 'எல்லை நெருக்கம்' என்ற இதமான சொல் ஏற்கப்பட்டது. அதன் பிறகு இயக்குநர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தபடி ஒரு கேள்வி கேட்டார்.

"ஏன்யா, அவங்க இடம் சின்னதாகுதுன்னா காக்க வேண்டிய பரப்பும் சின்னதாகுதுல்ல?"

"ஆமா சார்."

"அப்ப அவங்க முன்னைவிடப் பாதுகாப்பா இருக்காங்கன்னுதானே அர்த்தம்? அதைப் புரியவைக்க ஆள் இல்லாமத்தான் அந்தம்மா பயப்படுறாங்க."

கை தட்டினோம். என் பக்கத்தில் இருந்த மேற்பார்வையாளர் உணர்ச்சிவசப்பட்டு மேசையையும் தட்டினார். புரியவைக்கும் பொறுப்பும், கூடவே மூச்சுப் பயிற்சி அளிக்கும் பொறுப்பும் எனக்குத் தரப்பட்டன.

இரண்டாம் முறை நான் போனபோது கிணறு அந்தப் பக்கம் போயிருந்தது. கொல்லையில் தனியாகக் கட்டியிருந்த குளியலறையும் போயிருந்தது. வேலி சமையலறைச் சுவரை உரசிக்கொண்டு நின்றது. கொல்லைப்படியில் டீச்சரை உட்காரவைத்துப் பயிற்சியைத் தொடங்கினேன்.

"கண்ணை மூடிக்கோங்க டீச்சர். மூச்சை நல்லா உள்ள இழுங்க. வேலியைப் பத்தி நினைக்காதீங்க."

"வேலி மூக்குக்கு நேரா இருக்கு தம்பி. பலமா இழுத்தா கம்பியும் சேந்து வந்துரும்."

"மனசை ஒரு அமைதியான இடத்துக்குக் கொண்டு போங்க."

"இதுதான் அந்த இடம். இதுக்குத்தான் ரெண்டு பேரும் ரிட்டையர் ஆகி வந்தோம்."

கண்ணைத் திறந்து கூடத்தைப் பார்த்தார். குரல் தணிந்தது.

"நேத்துக் காலைல இவர் குளிக்கப் போனாரு. சின்னவன் கதவைத் திறக்க முக்கால் மணி நேரம் நிக்க வெச்சான். தோள்ல துண்டோட. எழுபத்தினாலு வயசு தம்பி இவருக்கு. திரும்பி வந்து, 'இன்னிக்குத் தண்ணி ரொம்ப ஜில்லுன்னு இருக்கு, குளிக்கல'ன்னு எங்கிட்ட பொய் சொல்றாரு."

இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று படிவத்தைப் புரட்டிப் பார்த்தேன். கட்டம் இல்லை.

டீச்சர் உள்ளே போய் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொண்டுவந்தார். அதில் ஸ்கேல் வைத்துப் படம் போட்டிருந்தது.

"மிச்சம் இருபத்து நாலடி. அதுக்குள்ள என் வீடும் வாசலும். மூணு மாசம். அப்புறம் ரோடு பதினாறடி, அது ரெண்டு மாசம். ஆறாவது மாசம் வேலி எதிர்வீட்டுக்குள்ள நிக்கும். எதிர்வீடு யாரோடதுன்னு தெரியுமா?"

தெரியும். ரோட்டுக்கு அந்தப் பக்கம், ரோஜாப் பாத்திகளும் கூழாங்கல் பாதையுமாக இருப்பது எங்கள் இயக்குநர் ஞாயிற்றுக்கிழமைகளில் ஓய்வெடுக்கும் பங்களா.

இயக்குநரிடம் படத்தைக் காட்டினேன். விழுந்து விழுந்து சிரித்தார். "கணக்கு டீச்சர் இல்லையா, பயம்கூடப் படம் போட்டுத்தான் வருது!" என்றார். மூச்சுப் பயிற்சியை இரட்டிப்பாக்கச் சொன்னார்.

மூன்றாம் முறை போனபோது வேலி வீட்டுக்குள்ளேயே வந்திருந்தது. சமையலறையின் பின்சுவரை இடித்து வழி செய்துகொண்டு, அடுப்பு மேடைக்கும் சாப்பாட்டு மேசைக்கும் நடுவே கம்பம் நட்டிருந்தார்கள். நேர்த்தியான வேலை. சிமெண்டுகூடப் பூசியிருந்தார்கள். அடுப்பு அந்தப் பக்கம், தீப்பெட்டி இந்தப் பக்கம். நான் இருக்கும்போதே சின்ன போர்வெல் அடுப்பு மேடைமேல் ஏறி உட்கார்ந்து கால் ஆட்டினார்.

"சார் யாரு? ஆபீசரா?"

"உணர்வு ஆய்வாளர். இரண்டாம் நிலை."

"எங்களையும் ஒரு வார்த்தை கேளுங்க சார். நாங்க இங்க ரொம்பப் பாதுகாப்பா உணர்றோம். அண்ணனுக்குப் பத்து, எனக்குப் பத்து."

கேட்டவுடனே ஒத்துழைக்கும் குடிமக்கள் எத்தனை பேர் கிடைப்பார்கள்! வீட்டின் சராசரி ஏழரையாக உயர்ந்தது. அந்தக் காலாண்டில் எங்கள் வட்டத்திலேயே அதுதான் அதிகம்.

அடுத்த வியாழக்கிழமை டீச்சர் வீட்டு வாசலில் ஒரு சின்ன வேன் நின்றது. ஊருக்குள் அவருடைய தங்கை வீட்டு மாடியில் ஓர் அறை கிடைத்திருக்கிறதாம். கட்டில் மாடிப்படியில் ஏறாது என்று அதை விட்டுவிட்டார்கள். நோட்டுப் புத்தகங்கள் அடங்கிய பெட்டியைத் தூக்க நானும் ஒரு கை கொடுத்தேன். இது பணி விதிகளில் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

வேனில் ஏறுவதற்கு முன் கார்டு ஐயா சட்டைப்பையிலிருந்து காது மிஷினை எடுத்து மாட்டிக்கொண்டார். வீட்டுக்குப் பின்னால் நான்கு போர்வெல் வண்டிகளும் இரைந்துகொண்டிருந்தன. அவர் அப்படியே நின்றுவிட்டார்.

"இவ்வளவு நாளா இந்தச் சத்தத்துலயா இருந்தே?"

"நீங்க நல்லா தூங்கினீங்க," என்றார் டீச்சர். "ரெண்டு பேரும் முழிச்சிருந்து என்ன ஆகப் போகுது?"

அவர் மனைவியின் கைப்பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டார். என் கண்ணில் ஏதோ தூசி விழுந்தது. பணி நேரத்தில் அதற்கு அனுமதி இல்லாததால் உடனே துடைத்துவிட்டேன்.

டீச்சர் வேனிலிருந்து எட்டிப் பார்த்தார்.

"நீங்க கெட்டவர் இல்ல தம்பி. அதை நினைச்சாத்தான் எனக்கு இன்னும் கவலையா இருக்கு."

இதை நற்சான்றாகக் கோப்பில் சேர்த்துக்கொண்டேன். மறுநாளே இறுதி அறிக்கையும் எழுதினேன்: 'மேற்படி புகார்தாரரின் வீட்டை நேரில் பார்வையிட்டதில், அங்கு பயப்படுபவர் எவரும் இல்லை. புகார் முடித்துவைக்கப்படுகிறது.' எழுத்துக்கு எழுத்து உண்மை. போலீஸுக்கு ஒரு நகல், சர்வேயருக்கு ஒரு நகல் அனுப்பினேன். இயக்குநர் எல்லோர் முன்னிலையிலும் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இரண்டாம் நிலையிலிருந்து முதல் நிலைக்கு உயர்ந்தேன்.

அதன் பிறகு வேலி வீட்டின் மிச்சத்தைத் தாண்டியது. வாசலைத் தாண்டியது. ரோட்டில் இறங்கியது. வண்டிகள் வயலில் இறங்கிச் சுற்றிக்கொண்டு போயின. பொதுமக்கள் பழகிக்கொண்டார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு இயக்குநரிடமிருந்து போன் வந்தது.

"யோவ், உடனே கிளம்பி வாய்யா! என் ரோஜாப் பாத்தியில ரெண்டு கம்பம் நட்டிருக்கானுங்க! அந்தப் பெரியவன் என் கேட்டைப் பாத்து, 'தாழ்ப்பாள் சரியில்லையே'ங்குறான்! எனக்குப் பயமா இருக்குய்யா!"

"பதற்றப்படாதீங்க சார். கண்ணை மூடிக்கிட்டு மூச்சை நல்லா உள்ள இழு…"

"மூச்சாவது மண்ணாவது! போலீஸைக் கூப்பிடுய்யா!"

நான் பங்களாவுக்குப் போய்ச் சேர்வதற்குள் இரண்டு ஜீப் போலீஸ் வந்திருந்தது. சர்வேயரும் சங்கிலியும் வரைபடமுமாக வந்திருந்தார். ஞாயிற்றுக்கிழமையில் அரசாங்கம் இத்தனை சுறுசுறுப்பாக இருப்பதைப் பார்த்துப் பெருமிதத்தில் எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. போர்வெல் சகோதரர்கள் கைகட்டி நின்றார்கள். பெரியவரே தன் கையால் கம்பங்களைப் பிடுங்கினார். முள்கம்பியைச் சுருட்டி, ரோட்டைக் கடந்து, அந்தப் பக்கத்து ஓரத்தில், டீச்சர் வீட்டு வாசலாக இருந்த இடத்துக்கு முன்னால், மறுபடி நட்டார்கள். சர்வேயர் குனிந்து பார்த்து, சிவப்புப் பெயிண்டால் கோடு போட்டு, "இது சரி" என்றார். எல்லாம் சேர்த்து இரண்டரை மணி நேரம்.

எனக்கு மட்டும் நாக்கு சும்மா இருக்கவில்லை.

"சார், அந்தப் பக்கம் ஒரு வீடு இருந்துச்சே… கணக்கு டீச்சர் வீடு. வேலியை அதுக்கும் பின்னாடி கொண்டு போகணும் இல்லையா?"

சர்வேயர் கோப்பைப் புரட்டினார். "ஆமா, மூணு தடவை மனு குடுத்திருக்காங்க. போய்ப் பாத்துடலாம்னுதான் எடுத்து வெச்சிருந்தேன். அதுக்குள்ள, அங்க யாருக்கும் பயமே இல்லன்னு உங்க ஆபீஸ்லேருந்து எழுதி முடிச்சு அனுப்பிட்டாங்களே. அப்புறம் நான் எதுக்குப் போறது?"

தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். அடியில் இருந்த கையெழுத்தின் மேல் விரலை வைத்தார்.

"ரெண்டரை மணி நேர வேலை சார். இந்த மகானுபாவன் ஒரு வரி மாத்தி எழுதியிருந்தா அந்தப் பெரியவங்க இன்னிக்கு அவங்க வீட்ல இருந்திருப்பாங்க. யாரு சார் இது? உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

நன்றாக உற்றுப் பார்த்தேன்.

"தெரியலைங்க," என்றேன்.