சீனியருக்கு ஊற்றிய பால்

பாம்பு கடித்த மனிதருக்கு மருந்து கட்டும் பரியாரி யாழ்ப்பாணத்தில் ஊருக்கு ஒருவர் இருந்தார். மனிதன் கெடுத்த பாம்புக்கு மருந்து கட்டிய பரியாரி, எனக்குத் தெரிந்து, உலகத்திலேயே ஒருவர்தான். எண்பதுகளின் கடைசியில் அவர் லண்டன் ஸ்ட்ரெதத்தில் என் அடுத்த அறையில் இருந்தார். பாம்பைக் கெடுத்த மனிதன் நான்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று இருந்திருக்க வேண்டும். ஏழு பேர் குடியிருந்த அந்த வீட்டில் யாரும் அதைக் கேட்டதில்லை. ஊரில் கூட்டுறவுச் சங்கக்கடையில் அரிசி நிறுத்துக் கொடுத்தவர், லண்டனில் ஓர் உணவகத்தில் சட்டி கழுவினார். பாம்பு வந்த பிறகு பரியாரி ஆனார்.

பாம்பு வந்தது என்பதும் பிழை. அவர்தான் பாம்பிடம் வந்தார். அந்த அறையில் முன்பு இருந்த வெள்ளைக்காரப் பெடியன் ஒரு கண்ணாடித் தொட்டியை அப்படியே விட்டுவிட்டு ஓடிவிட்டான். உள்ளே மரச்சீவலும் ஒரு தடித்த கயிறும் கிடந்தன. மூன்றாம் நாள் கயிறு இடம் மாறியது. நானாக இருந்தால் ஜன்னலால் குதித்திருப்பேன். அவர் குனிந்து பார்த்து, "ஆர் நீர்?" என்று கேட்டாராம்.

"வீட்டுக்காரருக்குச் சொல்லி உந்தப் பாம்பை வெளியிலை அனுப்புங்கோ, அண்ணை" என்றேன்.

"எப்பிடி மாஸ்டர் அனுப்புறது? எனக்கு முந்தி வந்தவர். சீனியர்."

அன்று முதல் பாம்பின் பெயர் சீனியர். நாலடி நீளம், வெங்கிணாந்தி என்ற மலைப்பாம்பு இனம், விஷம் கிடையாது. அதற்கான உறைந்த சுண்டெலிகள் எங்கள் குளிர்ப்பெட்டியில் மீனுக்குப் பக்கத்தில் குடியேறின. அதன் பிறகு அந்த வீட்டில் மீன்கறி வைத்த எவரும் பொதியை இரண்டு தரம் திறந்து பார்க்காமல் சட்டியை அடுப்பில் ஏற்றியதில்லை.

நான் ஊரில் பதினொரு வருடம் விலங்கியல் படிப்பித்தவன். பாம்பு பால் குடிக்காது என்று கரும்பலகையில் எழுதி, கீழே கோடும் போட்டவன். ஆனாலும் என் கட்டிலுக்கும் சீனியருக்கும் நடுவே இருந்தது ஒரு பலகைச் சுவர். அது அசையும் சரசரப்பு கேட்கும்போதெல்லாம் கால்களை மடக்கிக்கொண்டு கட்டிலின் நடுவில் இருப்பேன். ஒருநாள் பொறுக்க முடியாமல் அந்த அறைக்குள் போய்ச் செருப்பால் தொட்டியில் ஓங்கி அடித்தேன். சீனியர் சுருண்டு, தலையைத் தன் உடம்புக்குள்ளேயே மறைத்துக்கொண்டது.

மறுநாள் கொழும்பிலிருந்து செய்தி வந்தது. விசாவுக்காக இரண்டு பிள்ளைகளுடன் லொட்ஜில் காத்திருந்த என் மனைவியைச் சுற்றிவளைப்பில் பிடித்து, ஒரு பகல் முழுக்கப் பொலிஸில் வைத்திருந்து வெளியே விட்டிருந்தார்கள்.

படித்ததெல்லாம் அந்த நிமிடத்தில் பறந்து போயிற்று. நாகதம்பிரானே, அறியாமல் செய்துவிட்டேன் என்று கும்பிட்டேன். வந்த வெள்ளிக்கிழமை, பரியாரி வேலைக்குப் போன பிறகு, அரைக் கோப்பை பாலை மூடி வலைக்கு மேலால் ஊற்றினேன். கீழே இருந்த தண்ணீர்க் கிண்ணத்துக்குத்தான் குறி வைத்தேன். குறி தவறிப் பாதி மரச்சீவலிலும் கொஞ்சம் வெளியே தரைப் பலகையிலும் போயிற்று. அடுத்த வெள்ளி வந்து பார்த்தேன், கிண்ணத்தில் பால் இல்லை. குடித்துவிட்டது என்று கன்னத்தில் போட்டுக்கொண்டேன். கிண்ணத்தைக் கழுவித் தண்ணீர் மாற்றியவர் பரியாரி என்பது எனக்கு உறைக்கவில்லை.

அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்தது. "ஏன் மாஸ்டர் தண்ணி வெள்ளையாக் கிடக்கு?" என்று கேட்டு, நான் வாய் திறப்பதற்கு முன் தானே பதிலும் சொன்னார். "லண்டன் தண்ணியிலை சுண்ணாம்பு. கெட்டிலுக்குள்ளை பாருங்கோ, எவ்வளவு படிஞ்சு கிடக்கெண்டு!"

இரண்டு மாதத்தில் சீனியரின் வயிற்றுச் செதில்கள் பழுப்பாகிக் கொப்புளம் போட்டன. சில இடங்களில் நீர் வடிந்தது. மிருக வைத்தியரிடம் கொண்டு போக வேண்டும், அங்கே பேசுவதற்கு இங்கிலீஷ் தெரிந்தவர் வேண்டும். பரியாரி தலையணை உறைக்குள் பாம்பைப் போட்டு முடிந்து, பஸ்ஸில் என் மடியில் வைத்தார். "குளிருது அவருக்கு. அணைச்சுக்கொண்டு இருங்கோ." எட்டுத் தரிப்பிடங்கள் வரை நான் மூச்சு விட்டதாக ஞாபகமில்லை.

வைத்தியப் பெண் சீனியரைப் புரட்டிப் பார்த்து, மோந்தும் பார்த்தார். "ஈரத்தால் தோல் அழுகுகிறது. புளித்த பால் மணக்கிறது. யாரோ எதையோ ஊற்றுகிறார்கள். உங்கள் நண்பரிடம் கேளுங்கள்" என்றார்.

"என்னவாம்?" என்றார் பரியாரி.

"குளிராம், அண்ணை. இந்த நாட்டுக் குளிர் ஒத்துவரேல்லையாம்."

மருந்தை மட்டும் சரியாக மொழிபெயர்த்தேன். அயடின் மருந்தை வெளிறிய தேநீர் நிறத்துக்குத் தண்ணீரில் கலந்து, தினமும் பத்து நிமிடம் ஊறவைத்து, துடைத்து, களிம்பு பூச வேண்டும். குளிர் என்று நான் சொன்னதை நம்பி அவர் தொட்டிக்குப் பக்கத்தில் கெட்டிலைக் கொதிக்க வைத்து ஆவி காட்டத் தொடங்கினார். மருந்து உலர்த்தியதை ஆவி நனைத்தது. நான் வெள்ளிக்கிழமையையும் விடவில்லை. காரணம் தெரிந்த பிறகும் மூன்று வெள்ளி ஊற்றினேன். நிறுத்தினால் கொழும்பில் என்ன நடக்குமோ என்ற பயம்.

புண் கழுத்துப் பக்கம் ஏறியது. ஒரு ஞாயிறு காலை பரியாரி என் கதவைத் தட்டினார். "தனிய ஏலாது. தலைப்பக்கம் பிடியுங்கோ."

மருந்துத் தண்ணீர் நிறைந்த பேசினில் பாம்பு, ஒரு பக்கம் அவர், மறு பக்கம் நான். பிளவுபட்ட நாக்கு என் மணிக்கட்டைத் தொட்டது. செய்த பாவத்தைக் கேட்கத்தான் வந்துவிட்டது என்று நினைத்தேன்.

"அண்ணை, நான்தான்!"

"என்ன நான்தான்? கையை விடாதேங்கோ."

"பால். வெள்ளிக்கிழமையளிலை நான்தான் ஊத்தினனான். அந்தப் பொம்பிளை டொக்டரும் அதைத்தான் சொன்னவ. நான் மாத்திச் சொல்லிப்போட்டன்."

அவர் நிமிர்ந்து பார்த்தார். "என்ரை ரெண்டு கையும் சீனியரிலை கிடக்கு. அது உங்கடை அதிர்ஷ்டம்." குனிந்து வாலைத் தண்ணீருக்குள் அமிழ்த்தினார். பிறகு, "எத்தினை வெள்ளி?"

"பதினொண்டு."

"குடிச்சவரோ?"

"ஓம் எண்டுதான் நினைச்சன்."

"ஊரிலை என்ன பாடம் படிப்பிச்சனீங்கள்?"

"விலங்கியல்."

அவர் சிரித்த சிரிப்பில் பேசின் தண்ணீர் என் மடியில் கொட்டியது. சிரித்து ஓய்ந்த பிறகு ஏன் செய்தேன் என்று கேட்டார். செருப்பையும் சுற்றிவளைப்பையும் சொன்னேன். சிரிப்பு போய்விட்டது.

"மனிசி பிள்ளையள் இப்பவும் லொட்ஜிலையோ?"

"ஓம்."

"அப்ப வெள்ளியை நிப்பாட்டாதேங்கோ. கோப்பையைத் தொட்டிக்கு வெளியிலை வையுங்கோ. அவர் கண்ணாடியாலை பாக்கட்டும்."

அன்று மத்தியானமே இல்ஃபோர்டிலிருந்து வீட்டுக்காரர் வந்தார். வாசலிலேயே மூக்கைப் பொத்தினார். "சீ! பலகையெல்லாம் ஊறிப் புளிச்சு நாறுது. ஆர் பாத்த வேலை?" எல்லாரும் கூடத்தில் நின்றோம். என் குடும்பத்தின் விசாப் பத்திரங்கள் முழுவதும் அந்த முகவரியில் இருந்தன. நான் மற்றவர்களுக்குப் பின்னால் ஒதுங்கினேன்.

"நான்தான்" என்றார் பரியாரி. "தண்ணி சிந்தீட்டுது. பாம்பு வளக்கத் தெரியாது எனக்கு."

"அப்ப நீரும் உம்மடை பாம்பும் இந்தக் கிழமைக்குள்ளை வெளிக்கிடுங்கோ."

வீட்டில் மற்றவர்களும் சேர்ந்துகொண்டார்கள். "பரியாரி கை வைச்சால் பாம்புக்கும் சொறி!" நான் சுவர்க் கடதாசியில் பூக்களை எண்ணிக்கொண்டிருந்தேன். பரியாரி சட்டன் என்ற இடத்தில் ஒரு கடைக்கு மேலே அறை எடுத்தார். வாசலில் நின்ற வான் வரைக்கும் அவருடைய பெட்டியைத் தூக்கிப்போனேன். அவ்வளவுதான் நான் செய்தது.

எட்டு மாதம் கழித்து என் மனைவியும் பிள்ளைகளும் வந்து சேர்ந்தார்கள். முதல் ஞாயிறே அவர்களைச் சட்டனுக்குக் கூட்டிப்போனேன். உண்மையை அங்கே சொல்வதாகத்தான் எண்ணியிருந்தேன். கடதாசி விரித்த காய்ந்த தொட்டியில் சீனியர் கிடந்தது. பரியாரி அதை எடுத்து வயிற்றைக் காட்டினார். சட்டை கழற்றி வந்த புதுச் செதில்கள், இரண்டு தழும்புகள் மட்டும்.

ஏழு வயது மகள் என் காலுக்குப் பின்னால் ஒளிந்தாள். பரியாரி அவள் உயரத்துக்குக் குனிந்தார். "பயப்பிடாதேங்கோ பிள்ளை. இவருக்குச் சாகக் கிடந்த வருத்தம். உங்கடை அப்பாதான் தலையிலை பிடிச்சு, என்னோடை நிண்டு மருந்து போட்டவர். அவருக்குப் பாம்பெண்டால் பயமே இல்லை."

மகள் என்னை அண்ணாந்து பார்த்தாள். கொழும்பில் அவ்வளவு பார்த்துவிட்டு வந்த பிள்ளையின் முகத்தில் அந்தப் பெருமையைக் கண்ட பிறகு என் வாய் திறக்கவில்லை. பரியாரி எனக்குக் கண்ணைக் காட்டிவிட்டுத் தேநீர் வைக்கப் போனார்.

அவர் காலமாகி வருடங்கள் ஆகின்றன. என் மகள் இன்றைக்கும் தன் பிள்ளைகளிடம், தாத்தா பாம்புக்கே பயப்படாதவர் என்று சொல்கிறாள். இந்த இதழ் வந்ததும் அவளைப் பக்கத்தில் இருத்தி, இதை நானே வாசித்துக் காட்டப் போகிறேன். அந்த அறையில் அவள் அண்ணாந்து பார்த்திருக்க வேண்டிய மனிதர் தேநீர் வைக்கப் போயிருந்தார்.