பேஸின் வயிற்றில் ஒரு பொன்னாடை

அன்று சிம்பாங் ரெங்கம் கல்யாண மண்டபத்தின் மேடையில் நின்றவர்கள் சரியாக ஏழு பேர்: அக்காவின் மகள், மாப்பிள்ளை, அக்கா, அத்தான், மாப்பிள்ளையின் தாய்மாமன்கள் இருவர், நான். (என் பேஸையும் சேர்த்தால் எட்டு. வயிறு பெருத்த, வயிற்றில் இரண்டு நீள ஓட்டை வைத்த வயலின் போல ஆளுயரத்துக்கு இருக்கும். நின்றுதான் வாசிக்க வேண்டும்.)

தாய்மாமன்கள் ஒன்பது வருடமாகப் பேசிக்கொள்ளாதவர்கள். ஒருவருக்கு மரியாதை ஒரு நூல் குறைந்தாலும் கல்யாணமே கலவரமாகிவிடும். அதனால் அத்தான் ஒரே கடையில், ஒரே நிறத்தில் இரண்டு பொன்னாடைகள் வாங்கி, பத்திரமாக வைக்கச் சொல்லி என்னிடம் கொடுத்திருந்தார். நான் மூன்றாம் படிவத்தோடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன். படிப்புதான் குறைச்சல், கவலைப்படுவதில் பட்டமே வாங்கலாம்.

முதல் பாட்டிலேயே பேஸ் ஊளையிட்டது. சவுண்ட் சிஸ்டம் குமார் ஓடிவந்தான்.

“ஸ்பீக்கர் சத்தம் பேஸ் வயித்துக்குள்ள பூந்து திரும்பி வருதுண்ணே. அந்த ரெண்டு ஓட்டையையும் துணி வெச்சு அடைங்க.”

“துணிக்கு எங்க போறது?”

“அலமாக், கல்யாண வீட்ல துணிக்கா பஞ்சம்?”

பொன்னாடை போர்த்துவது விருந்துக்குப் பிறகுதானே, அதற்குள் எடுத்து மடித்துவிடலாம் என்று ஓட்டைக்கு ஒன்றாகத் திணித்தேன். ஊளை நின்றது.

பிறகு மற்ற வாத்தியக்காரர்கள் சாப்பிடப் போனார்கள். நான் பேஸுக்குக் காவல். அந்த நேரம் பார்த்து, பெரிய மாமன் சீக்கிரம் தன் ஊரான காஹாங் திரும்ப வேண்டும் என்று சொல்ல, அத்தான் எல்லோரையும் மேடையேற்றிவிட்டார்.

“பொன்னாடை எங்கடா?” என்றாள் அக்கா.

பேஸைக் காட்டினேன்.

இடது ஓட்டையிலிருந்து ஒன்றை உருவினேன். அது வந்துகொண்டே இருந்தது. மண்டபமே சாப்பாட்டை நிறுத்திவிட்டுப் பார்த்தது. வலது ஓட்டையில் விரலை விட்டதும் மற்றது நழுவி வயிற்றுக்குள் விழுந்தது.

“ஒண்ணுதான் இருக்கு அத்தான்.”

“ஒண்ண வெச்சி யாருக்குடா போடுறது?” என்றார் அத்தான்.

மாமன்கள் இருவரும் என்னையே பார்த்தார்கள். அக்கா அதைப் பிடுங்கி, இருவரையும் தோளோடு தோள் நிறுத்தி, ஒன்றாகச் சேர்த்துப் போர்த்திவிட்டாள். ஓட்டைகள் இரண்டும் திறந்துகிடந்தன. பேஸில் மாட்டியிருந்த மைக்கின் சத்தத்தையும் நான் குறைத்து வைக்கவில்லை. பேஸ் அலறிய அலறலில் சின்ன மாமன் பெரிய மாமனைக் கட்டிப்பிடித்துக்கொண்டார்.

“ண்ணே, என்னாண்ணே சத்தம் இது?”

ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் பேச்சு.

அந்த நேரத்தில் கேமராக்காரர் எடுத்த படம் இன்று இருவர் வீட்டு வரவேற்பறையிலும் தொங்குகிறது. யார் வந்தாலும் கதை சொல்கிறார்கள். என்னைச் சமாதானத் தூதர் என்கிறார்கள். அக்கா மட்டும் மசியவில்லை. பேஸின் வயிற்றைக் கிழிக்காமல் உள்ளே விழுந்த பொன்னாடை வெளியே வராது. அதன் விலை, பதினெட்டு வெள்ளி, அவளிடம் என் கணக்கில் இன்னும் பாக்கி.