இரட்டை வால் விமானமும் நின்றுபோன மூன்றாம் ஓலையும்

சேசு மரி சூசை துணை

திண்டுக்கல்,
14-9-59

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அருளப்பன் அவர்களுக்கு, மாமா ஞானராஜ் ஆசீர்வாதத்துடன் எழுதிக்கொள்வது. பொறுமை என்று எழுதியது மரியாதைக்கு அல்ல, இதைப் படித்து முடிக்க உங்களுக்கு அது வேண்டியிருக்கும். இவ்விடம் நான், மகள் ரோசலின், வெள்ளாடு மூவரும் சுகம். உங்கள் அத்தை மட்டும் சுகமில்லை. சீக்கு ஒன்றும் கிடையாது, கோபம்தான். காரணம் யார் என்று நீங்கள் கேட்க வேண்டாம், நானே சொல்லிவிடுகிறேன்.

போன மாதம் உங்கள் உத்தியோகத்தைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தீர்கள் அல்லவா? ‘வேம்பயர் என்ற ஜெட் விமானத்தைப் பழுது பார்க்கிற பிட்டராக இருக்கிறேன், அதற்கு முன்னால் காற்றாடி கிடையாது, பின்னால் இரட்டை வால், விமானி உட்காரும் மூக்குப் பகுதி மரத்தால் ஆனது’ என்று. அதை வீட்டில் உரக்கப் படித்தேன். உங்கள் அத்தை அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே, “வேம்பயர்னா என்னங்க?” என்றாள். புத்தியுள்ள மனுசனாக இருந்தால் அது வெள்ளைக்காரன் வைத்த பேர் என்று சொல்லிவிட்டுக் காப்பியைக் குடித்திருப்பான். நானோ பதினெட்டு வருசமாக ட்ராயிங் மாஸ்டர். கணக்கு வாத்தியாரிடம் கேட்பார்கள், சரித்திர வாத்தியாரிடம் கேட்பார்கள், என்னிடம் ரப்பர் இருக்கா என்பதைத் தவிர எவனும் எதுவும் கேட்டதில்லை. கட்டின பெண்டாட்டியே ஒரு கேள்வி கேட்டுவிட்டாளே என்ற சந்தோசத்தில் மறுநாள் பள்ளிக்கூட நூலகத்தில் தடித்தடியாக மூன்று புத்தகத்தை இறக்கி, தூசிக்குத் தும்மித் தும்மிப் படித்து, சாயந்திரம் வீட்டில் ஒரு பிரசங்கமே வைத்தேன். நம் மலைக்கோட்டைப் பாறைப் பொந்தில் தொங்குகிற பெரிய காது வௌவாலுக்குப் போலி வேம்பயர் என்று பேர், அது தின்பது எலியும் தவளையும். மலேயா பக்கம் பழந்தின்னி வௌவால் ஒன்றுக்கு லத்தீனில் அதே பேர், அது பழத்தைத் தவிர எதையும் கடித்ததில்லை. ஆழ்கடலில் கறுப்புக் குடையை விரித்த மாதிரி ஒரு கணவாய், அதற்கும் அதே பேர், அது யார் ரத்தத்தையும் குடித்ததாக எழுதவில்லை. மூஞ்சி சரியில்லை என்று பேர் வைத்துவிட்டார்கள் போல. நிஜமாகக் குடிக்கிறது தென் அமெரிக்காவில் கட்டைவிரல் பெரிசு வௌவால் ஒன்றுதான், அதுவும் தூங்குகிற மாட்டைப் பார்த்து. ஆகப் பேர் வாங்கினதில் முக்கால்வாசி அப்பிராணி, நம் கட்டிலில் இருக்கிற மூட்டைப்பூச்சிக்கு அப்படி ஒரு கௌரவம் எவனும் கொடுக்கவில்லை என்பது என் முடிவு. முடிவை முதலில் சொல்லியிருக்கலாம். நான் ஐரோப்பாக் கல்லறையிலிருந்து எழுந்து வந்து கழுத்தைக் கடிக்கிற பிணத்தில் ஆரம்பித்தேன். கழுத்து வரைக்கும்தான் அவள் உட்கார்ந்திருந்தாள். கணவாயை நானும் ரோசலினும் ஆடும் கேட்டோம்.

“ரத்தக் காட்டேரின்னு பேரு வச்ச சாமானுக்குள்ள கைய விட்டுட்டு வர்றவருக்கா எம்மகளைக் குடுக்குறது?” என்றாள். அது விமானம்டீ என்றேன். “விமானம்னு எனக்குந் தெரியும். நல்லதுக்கு எவனாச்சும் அந்தப் பேரு வைப்பானா?” என்றாள். இதற்கு மூன்று புத்தகத்திலும் பதில் இல்லை. அந்தப் பிணம் பூண்டைக் கண்டால் ஓடும் என்று நான் சொன்னதை மட்டும் மனசில் முடிந்துகொண்டாள். தேதி குறிக்க உங்கள் அப்பா வந்தாரே, அன்றைக்குப் பூண்டுக் குழம்பு, பூண்டு ரசம், வெஞ்சனத்துக்குப் பூண்டுத் துவையல். உபசாரம் என்று அவர் நினைத்திருப்பார். பரீட்சை, மாப்பிள்ளை. நிலைப்படியில் நின்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூன்று தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஊருக்குப் போகையில் பஸ்ஸில் இரண்டு பக்கமும் இடம் தாராளமாகக் கிடைத்தது என்று கார்டு போட்டிருந்தார். “அப்பா சாப்டாரு சரி, மகனும் சாப்டுவாருன்னு என்ன நிச்சயம்?” என்றாள்.

இத்தோடு விட்டிருக்கலாம். படம் போட்டுக் காட்டினால் பயம் தெளியும் என்று எனக்குத் தோன்றியது. முழு அட்டையில் வாட்டர் கலரில் வௌவால், கணவாய் எல்லாவற்றையும் சுற்றி வரைந்து, நடுவில் உங்கள் விமானம். நான் அதைக் கண்ணால் பார்த்தவனா? நீங்கள் எழுதின இரட்டை வாலை நம்பி, நல்ல நீளமாக, நுனியில் கொஞ்சம் வளைத்து இரண்டு வால் போட்டேன். உள்ளே உங்கள் போட்டோவைப் பார்த்து முகத்தையும் எழுதினேன். முகம் அச்சாக வந்திருந்தது, அதுதான் வினையாகிவிட்டது. கோயில் உபதேசியார் வந்தவர் செத்த நேரம் பார்த்துவிட்டு, “நம்ம கோயில் நரகப் படத்துல இருக்கிற பேய்க்கே வால் ஒண்ணுதான் மாஸ்டர்” என்றார். உங்கள் அத்தை கதவைச் சாத்திக்கொண்டாள்.

மரத்தையாவது வைத்து நிமிர்த்தலாம், மரம் நம்ம சாமான்தானே என்று ஜன்னல் பழுது பார்க்க வந்த ஜெகபர் அலியைக் கூப்பிட்டு, விமானத்தின் மூக்கு ஒட்டுப்பலகையாமே, பலம்தானே என்று அவள் காதில் விழும்படிக் கேட்டேன். அவர் உளியைக் கீழே வைத்தார். “ஒட்டுப்பலகையா? மழையில நனைஞ்சா உப்பிக்குமே அண்ணே. கரையான் வேற. மருந்து அடிக்கிறாகளா?” உள்ளேயிருந்து, “கேளுங்க, நல்லாக் கேளுங்க” என்று சத்தம் வந்தது.

நேற்று ஞாயிறு. கோயிலில் உங்கள் கல்யாண அறிவிப்பின் முதல் ஓலை வாசித்த அன்று அவள் காய்ச்சலில் படுத்திருந்ததால் தப்பித்தோம். நேற்று சாமியார் இரண்டாம் ஓலை வாசித்து, இந்தக் கல்யாணத்துக்கு விக்கினம் ஏதும் உண்டென்று அறிந்தவர்கள் சொல்லக்கடவார்கள் என்று எப்போதும் போலத் தாளைத் திருப்பினார். பெண்கள் பக்கத்தில் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு ஒரு உருவம் எழுந்தது. பெண்ணைப் பெற்றவளே எழுந்து நிற்கிற ஓலையை இந்தப் பங்கு பார்த்ததில்லை என்று பின்னால் இஞ்ஞாசியம்மாள் சொன்னாள்.

“என்ன விக்கினம் அம்மா? மாப்பிள்ளைக்கு வேற சம்சாரம் இருக்கா?”

“இல்லைங்க சாமி.”

“ரத்த உறவா?”

“அந்த ரத்தமில்லைங்க சாமி, குடிக்கிற ரத்தம்” என்று ஆரம்பித்து, கல்லறை, கரையான், இரட்டை வால் எல்லாவற்றையும் ஒப்பித்தாள். நான் தூணுக்குப் பின்னால் நகர்ந்தேன். அது குறுகின தூண், நான் அகலம். சாமியார் என்னையே பார்த்து, திருச்சபைச் சட்டத்தில் விமானத்தின் பேர் விக்கினமாகாது, ஆனாலும் தாய் மனசு ஒப்பாமல் மூன்றாம் ஓலை வாசிக்க மாட்டேன், வர்ற ஞாயிற்றுக்குள் உன் வாயால் கெடுத்ததை உன் வாயாலேயே சரிபண்ணு என்றார். ரோசலின் எனக்கு முன்னாலேயே விறுவிறுவென்று வீட்டுக்கு நடந்தாள். உங்கள் கடிதங்களைப் பெட்டியிலிருந்து எடுத்து மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள், படிக்கவும் இல்லை. நான் அதைப் பார்த்த பிறகுதான் பேனாவை எடுத்தேன்.

ஆகையால் மாப்பிள்ளை, உங்கள் மேலதிகாரி காலில் விழுந்தாவது வேறு விமானத்துக்கு மாற்றல் கேளுங்கள். ஹன்டர் வேண்டாம், வேட்டைக்காரன் என்று அர்த்தம், இவளுக்குத் தெரிந்தால் அதுவும் போச்சு. டக்கோட்டா என்று ஒன்று இருக்கிறதாமே, அதற்கு என்ன அர்த்தம் என்று எனக்கும் தெரியாது, தேடவும் மாட்டேன், சத்தியம். மாற்றல் கிடைத்ததும் தந்தி அடியுங்கள்.

காவல் தூதரான சம்மனசுகள் உங்களுக்கு முன்னும் பின்னும் பறந்து காக்கவும், உங்கள் ஸ்பானர் கைநழுவாதிருக்கவும் வேண்டி, பூண்டு வாசனையுடன் ஆசீர்வதிக்கும்,

மாமா,
ஞானராஜ்

பின்குறிப்பு: உறை ஒட்டுவதற்குள் இது. மத்தியானம் ரோசலின் அவள் அம்மாவிடம், “பேரு மோசம்னா குப்பை மாமாவை ஏன் வீட்டுல சேர்க்குறீக?” என்று கேட்டாள். குப்பை என்பது உங்கள் அத்தையின் அண்ணன். அவருக்கு முன்னால் இரண்டு பிள்ளை தவறிப்போனதால், இவரைக் குப்பைமேட்டில் போட்டு, தவிட்டுக்கு வாங்கி, சாவுக்கே பிடிக்காத பேராக இருக்கட்டும் என்று வைத்தார்கள். அறுபத்திரண்டு வயசு, ஒரு தலைவலி கிடையாது. உங்கள் அத்தை அடுப்பில் விறகைத் தள்ளிவிட்டு, “அப்ப வெள்ளைக்காரனும் முன்னாடி ரெண்டு மூணு விமானம் விழுந்துதான் இந்தப் பேரை வச்சிருக்கான். வெவரமான ஆளுதேன்” என்றாள். சாமியாரிடம் போய் மூன்றாம் ஓலைக்குச் சம்மதமும் சொல்லிவிட்டு வந்தாள். எனவே மேலே எழுதினது எதையும் செய்யாதீர்கள். இந்தப் பின்குறிப்புக்கு வருமுன்பே ஓடிப்போய் மாற்றல் கேட்டிருந்தால் வாபஸ் வாங்குங்கள். டக்கோட்டாவும் வேண்டாமாம், கெட்ட அர்த்தம் இல்லாத பேர் என்றால் எமன் கண் பட்டுவிடுமாம். அப்படியே மாற்றினாலும், வேம்பயரைவிடக் கேவலமான பேருள்ள விமானம் இருந்தால் மட்டும் ஒத்துக்கொள்ளும்படி உங்கள் அத்தை சொல்லச் சொன்னாள்.