வாளியண்ணன் எடுத்த மழைக்கோட்டு

பிரிக்பீல்ட்ஸ் கடைத்தெருவில் சாமிக்குப் பயப்படாத கடைக்காரர்கள் இருந்தார்கள். வாளியண்ணனுக்குப் பயப்படாதவர் ஒருவரும் இல்லை.

சொந்தப் பெயர் தெரியாது. என்னோடு ரயில் தண்டவாள வேலை. எதை வாங்கினாலும் முதலில் தண்ணீர் ஊற்றிப் பார்ப்பார். அதற்கென்று ஒரு வாளி. குடை, செருப்பு, டிரங்குப் பெட்டி எதுவும் தப்பாது. ஒரு தடவை கடிகாரத்தையும் முக்கினார். நின்றுவிட்டது. "பார்த்தியா? வாங்கின பிறகு நின்னிருந்தா?" என்றார்.

அந்த வருஷம் எனக்கு நெஞ்சில் சளி கட்டியது. ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெசர் சொன்னார்: "இன்னொரு தடவை நனைஞ்சா இங்க வராதே. நேரா சுடுகாட்டுக்குப் போ."

மழையில் தண்டவாளத்தை நடந்து பார்ப்பதுதான் என் வேலை. நடக்காவிட்டால் வேலை போகும். கூடவே ரயில்வே கொடுத்த லைன் வீடும் போகும். மனைவிக்கு ஏழு மாசம்.

"மழைக்கோட்டு வாங்கணும்ணே" என்றேன்.

"உனக்கு வாங்கத் தெரியாது" என்று வாளியை எடுத்தார்.

எங்களைக் கண்டதும் பிரிக்பீல்ட்ஸ் கடைகளில் கதவுப் பலகை விழுந்தது. கிள்ளானுக்கு ரயிலேறினோம். அந்த ஊரில் யாருக்கும் அவரைத் தெரியாது.

ஒரு முஸ்லிம் பாயின் கடை. அண்ணன் கோட்டின் கை நுனியைக் கயிற்றால் கட்டினார். தோள் வழியாகத் தண்ணீரை ஊற்றினார். சுருட்டைப் பற்றவைத்தார். சுருட்டு முடியும்வரை சொட்டக் கூடாது.

மெழுகுத்துணிக் கோட்டு பாதிச் சுருட்டில் சொட்டியது. கித்தான் கோட்டு, தீக்குச்சி அணைவதற்குள்.

"பாய், இது கோட்டா, காப்பி வடிகட்டியா?"

"மழை வெளியிலதான் பெய்யும்லா! நீங்க உள்ள ஊத்துறீங்களே!"

மூன்றாவது கறுப்பு ரப்பர். சுருட்டு முடிந்தது. ஒரு சொட்டில்லை. பாய் விலையைக் குறைத்தே கொடுத்தார். இனி இந்தப் பக்கம் வரக் கூடாது என்று ஒரே நிபந்தனை.

மறுநாள் பெருமழை. அண்ணன் கோட்டை என்னிடம் தரவில்லை. "நான் போட்டுப் பார்க்கணும்" என்று என் பங்குத் தண்டவாளத்தையும் அவரே நடந்தார். நான் கொட்டகையில் இருந்தேன். திரும்பி வந்து பொத்தானைக் கழற்றினார். உள்ளே தொப்பல்.

"ஒழுகுதா அண்ணே?"

"கோட்டு ஒழுகலை. நான்தான் ஒழுகிட்டேன்."

அத்தனையும் வேர்வை. மழையை உள்ளே விடாத ரப்பர், வேர்வையை வெளியே விடவில்லை. இது வாளிக்குத் தெரியாது.

எதில் நனைந்தாலும் என் நெஞ்சுக்கு ஒன்றுதான்.

அவர் பேனாக்கத்தியை எடுத்தார். இரண்டு அக்குளிலும் ஒவ்வொரு ஓட்டை போட்டார்.

"அண்ணே! புதுக் கோட்டு!"

"அக்குள்ளயா மழை பெய்யுது? போடுடா."

போட்டேன். நடந்தேன். காற்று வந்தது. மழை வரவில்லை. அந்த மழைக்காலம் முழுக்க நான் இருமவில்லை.

பிள்ளை லைன் வீட்டிலேயே பிறந்தது. குளிப்பாட்டுவதற்கு அவர் தன் வாளியைக் கொண்டுவந்து வைத்தார். "ஒழுகாது. பார்த்துட்டேன்."

அவர் போய்ச் சேர்ந்துவிட்டார். கோட்டு ஆணியில் தொங்குகிறது. ஓட்டையைத் தைத்துத் தரவா என்று மனைவி கேட்பாள்.

வேண்டாம் என்பேன்.