மாமா ஏற்றிய வேகம்

வேகமேற்றி என்று ஒரு வகை மனிதர் உண்டு. உங்கள் தெருவிலும் கட்டாயம் ஒருவர் இருப்பார். வீட்டுக் கணினி மெதுவாக ஓடுகிறது என்று நீங்கள் அவரிடம் போய்ச் சொல்ல வேண்டியதே இல்லை. திரையைப் பார்த்து நீங்கள் விடுகிற பெருமூச்சு எப்படியோ அவர் காதுக்குப் போய்விடும். பைக்கை நிறுத்தி, செருப்பைக் கழற்றி, "ரெண்டே நிமிசம், தள்ளு" என்று நாற்காலியைப் பிடித்துவிடுவார். அந்த இரண்டு நிமிடம் எப்போது முடியும் என்று கேட்கிறீர்களா? போன தீபாவளிக்குத் தொடங்கியதே சில வீடுகளில் இன்னும் முடியவில்லை.

ஆறு வருடம் முதுகில் பையோடு நாடு நாடாகச் சுற்றிவிட்டு வந்தவள் நான். மலையடிவார விடுதி ஒன்றில் இந்த வகையைப் பார்த்திருக்கிறேன். ஒரு தீவில் படகுக்குச் சீட்டு கொடுக்கிற அறையிலும் பார்த்திருக்கிறேன். பாஷைதான் வேறு, மவுஸின் மேல் கை வைக்கிற தோரணை ஒன்றே. ஆனால் இந்த வகை எவ்வளவு உயரத்துக்கு வளரக்கூடும் என்று தெரிந்துகொள்ள, வில்லியனூருக்குப் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்கே திரும்பி வர வேண்டியிருந்தது.

எங்கள் ஊர் வேகமேற்றியின் பெயர் லூர்து பிரகாஷ். சேதராப்பட்டில் பெயிண்ட் டப்பா செய்கிற கம்பெனியில் ஷிப்ட் சூப்பர்வைசர். கழுத்தில் கறுப்புக் கயிறு. அதில் ஒரு சிலுவை, சிலுவைக்குப் பக்கத்தில் ஒரு பென் டிரைவ். இரண்டில் எதை அதிகம் நம்புகிறார் என்று கேட்க எனக்குத் துணிச்சல் வந்ததில்லை.

அவருடைய வைத்தியத்துக்கு ஒரு வரிசை உண்டு, பூசையைப் போல. முதலில் கணினிப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக் காய்ச்சல் பார்ப்பார். பிறகு காதை ஒட்டவைத்துக் கேட்பார். பிறகு வீட்டில் இருக்கிற எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்து, "யாரு இதுல கை வச்சது?" என்பார். சொந்தக் கணினியில் கை வைத்த குற்றத்துக்காக வீடே தலையைக் குனிந்து நிற்கும். அதன் பிறகுதான் ரிஃப்ரெஷ். மவுஸின் வலப்பக்கத்தை அமுக்கி ரிஃப்ரெஷ், மறுபடியும் ரிஃப்ரெஷ், அப்புறம் எஃப் ஐந்தில் ஆட்காட்டி விரலை வைத்து உரலில் குத்துகிற மாதிரி முப்பது குத்து. திரையில் படங்கள் மறைந்து மறைந்து தோன்றும்போது, கணினி மூச்சு வாங்கித் தெளிகிறது என்று அவரும் நம்புவார், நமக்கும் அப்படித்தான் தோன்றும். தெளிகிறதா? ஒரு மண்ணும் இல்லை. அதற்கும் மசியவில்லை என்றால் திருப்புளியை எடுத்துப் பெட்டியின் பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றி, உள்ளே வாயால் ஊதி, தூசியில் தானே மூன்று தும்மல் தும்மி, ரேம் என்கிற நினைவக அட்டையை உருவி, பள்ளிக்கூடப் பிள்ளையின் அழிரப்பரை வாங்கி அதன் பித்தளைப் பல்லைத் தேய்த்து, மறுபடியும் சொருகி, "இப்பப் பாரு" என்பார்.

பார்ப்போம். அப்படியேதான் இருக்கும்.

அப்போதுதான் கழுத்திலிருந்து பென் டிரைவ் இறங்கும். அதற்குள் வேகமேற்றும் புரோகிராம்கள் குடும்பம் குடும்பமாக வசிக்கின்றன. ஒவ்வொரு வருகைக்கும் ஒன்று வீதம் இறக்கிவிட்டு, "இது புதுசு, போன தடவ போட்டது சும்மா" என்று சொல்லிவிட்டுப் போவார். போன தடவை போட்டது எங்கே போனது என்று யாரும் கேட்பதில்லை. அது எங்கேயும் போகவில்லை என்பதுதான் விஷயம்.

இவருடைய அக்கா ரோசம்மாள். எனக்குப் பக்கத்து வீடு, நான் அத்தை என்று கூப்பிடுவேன். அந்த வீட்டுக் கணினி மாதா படத்துக்குக் கீழே, பூ வேலை செய்த துணி போர்த்தி, திரையில் கடைக்காரர் ஒட்டிய பிளாஸ்டிக் தாளைக்கூடப் பிரிக்காமல் இருக்கும். அத்தைக்கு அதை இயக்கத் தெரியாது. மகளுக்காகக் காலையில் சுவிட்சைப் போட்டுவிட்டு எதிரே ஜெபமாலையோடு உட்கார்ந்துகொள்வார். அவர் நேரம் பார்ப்பது அந்த மணிகளில்தான்.

"வாங்குன புதுசுல அஞ்சு மணி உருட்டுறதுக்குள்ள வந்துடும்மா. தம்பி வந்து பாத்தப்புறம் பத்து மணி. இப்ப முழு ஜெபமாலையும் முடிஞ்சி பிரார்த்தனையும் சொல்லிட்டேன், இன்னும் சுத்திக்கினே கீது."

இதில் துலங்குகிற உண்மை எனக்கும் அன்று புரியவில்லை.

மகள் ஜோஸ்பின், நர்சிங் கடைசி வருடம். ஊரைச் சுற்றி நாற்று நடுகிற நாற்பத்திரண்டு பெண்களின் இடுப்பு வலியைப் பற்றி, நான்கு மாதம் வரப்பிலேயே உட்கார்ந்து கேட்டு எழுதிய ப்ராஜெக்ட். இதுவரை அடித்தது எழுபத்திரண்டு பக்கம். திங்கட்கிழமை காலை பத்து மணிக்குள் கொடுக்காவிட்டால் பரீட்சையில் உட்கார முடியாது. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும், அட்டை போடுகிற கடையில் சொல்லிவைப்பதற்காக வில்லியனூருக்கு பஸ் ஏறிப் போனாள். மிச்சம் ஐந்து பக்கம் வந்து அடிக்க வேண்டும். பிள்ளை இந்த ஆமையோடு எப்படி மல்லுக்கட்டும் என்று மனம் இளகிய அத்தை, தம்பிக்குப் போன் போட்டுவிட்டார்.

தம்பி வந்தார். காய்ச்சல் பார்த்தார், ஊதினார், தும்மினார், குத்தினார். கடைசியில் நாற்காலியில் சாய்ந்துகொண்டு, டாக்டர்கள் சொந்தக்காரர்களை வெளியே கூப்பிட்டுப் பேசுகிற குரலில் சொன்னார்:

"அக்கா, இனிமே மருந்து மாத்திர கேக்காது. சுத்தமா தொடச்சி ஃபார்மேட் அடிச்சிடறேன்."

"அடிச்சா வேகமா வருமாடா?"

"பறக்கும்."

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த நான் குறுக்கிட்டேன். "மாமா, அதுல ஜோஸ்பினோட ப்ராஜெக்ட் இருக்குமே?"

அவர் சிரித்தார். விவரம் தெரியாதவர்களிடம் விவரம் தெரிந்தவர்கள் காட்டும் இரக்கச் சிரிப்பு. "ஊரெல்லாம் சுத்தி வந்து இது கூடத் தெரியலியாம்மா? நான் அடிக்கப் போறது சி டிரைவ. ப்ராஜெக்ட் இருக்கறது டெஸ்க்டாப்ல. தோ, கண்ணுக்கு முன்னாடியே கீது பாரு. அது வேற வூடு, இது வேற வூடு. அக்கா, சி டிரைவ்ல ஏதாச்சும் வச்சிருக்கியா?"

"ஐயோ, நாங்க அந்தப் பக்கமே போனதில்லடா. எல்லாத்தையும் இங்க முன்னாடிதான் வச்சிருக்கோம்."

"அவ்ளோதான்!"

இப்படியாக, அந்த இரண்டும் ஒரே வீடு, டெஸ்க்டாப் என்பது சி டிரைவின் முன்னறை என்பதை அறியாத இரண்டு பேர் ஒருவருக்கொருவர் உறுதி சொல்லிக்கொண்டார்கள். எனக்குச் சந்தேகம் இருந்தது, நிச்சயம் இல்லை. நிச்சயமாகப் பேசுகிறவருக்கு எதிரில் சந்தேகத்துக்கு என்ன மரியாதை?

ஆனால் வேகமேற்றிகளுக்கு ஒரு நியமம் உண்டு. டீ குடிக்காமல் ஃபார்மேட் அடிக்க மாட்டார்கள். ஏன் என்று தெரியாது; அறுவைச் சிகிச்சைக்கு முன்னால் கை கழுவுவதைப் போல ஏதோ ஒன்று. எல்லாவற்றையும் தயார் செய்து, கடைசிக் கேள்வி திரையில் வந்து நிற்க, விரலை என்டருக்குப் பக்கத்தில் படுக்கவைத்துக்கொண்டு, "அக்கா, டீ" என்றார். அத்தை பாலை அடுப்பில் வைத்தார். காலையில் வாங்கிய பால், திரிந்துபோயிற்று. பால் வாங்கக் கடைக்கு ஓடினார்.

அந்த இடைவெளியில் நான் வாசலுக்குப் போய் ஜோஸ்பினுக்குப் போன் செய்தேன். அவள் திரும்பி வருகிற பஸ்ஸில் இருந்தாள். விஷயத்தைச் சொன்னேன். பஸ் முழுவதும் திரும்பிப் பார்த்திருக்கும்.

"இன்னாது? அவரு கையில கம்ப்யூட்டரா? அக்கா, ஸ்பீக்கர்ல போடு! யம்மாவக் கூப்புடு!"

அத்தை பால் பாக்கெட்டோடு படியேறிக்கொண்டிருந்தார். போனை நீட்டினேன்.

"யம்மா! மாமா கைய எடுக்கச் சொல்லு! என் ப்ராஜெக்ட் போயிடும்!"

"போவாதுடி," என்று உள்ளேயிருந்து மாமா குரல் கொடுத்தார். "அது டெஸ்க்டாப்ல..."

"யம்மா, பிளக்கப் புடுங்கு!"

"அக்கா, டீ வேணாம், நான் அடிச்சிடறேன்," என்றார் மாமா. விரல் எழுந்தது.

ரோசம்மாள் அத்தைக்கு டெஸ்க்டாப் எது, சி டிரைவ் எது என்று தெரியாது. பிளக் எது என்று தெரியும். பால் பாக்கெட்டைப் பல்லில் கடித்துக்கொண்டு, இரண்டு கையாலும் பிடித்து இழுத்தார். திரை இருண்டது. கூடவே ஃபிரிட்ஜும் நின்றது.

"இன்னாக்கா இப்படிப் பண்ணிட்ட? இப்படிப் பட்டுனு நிறுத்துனா மெஷின் கெட்டுப்பூடும்!" என்று மனம் நொந்துபோன மாமா, டீ கூடக் குடிக்காமல் கிளம்பிப் போனார்.

ஜோஸ்பின் வந்ததும் முதல் வேலையாக, எழுபத்திரண்டு பக்கத்தையும் தன் பென் டிரைவில் நகல் எடுத்தாள். நாற்பத்திரண்டு இடுப்புகளும் பத்திரம். பிறகு திரையின் கீழ் மூலையில், கடிகாரத்துக்குப் பக்கத்தில் வரிசையாக நிற்கிற சின்னப் படங்களைப் பார்த்தாள். ஒரு துடைப்பம், ஒரு ராக்கெட், ஒரு கேடயம், ஒரு சிறுத்தை, இரண்டு மின்னல், இன்னொரு ராக்கெட்.

"யம்மா, இதெல்லாம் இன்னா?"

"தம்பி வரும்போதெல்லாம் ஒண்ணு ஒண்ணா வந்துச்சி. அழகுக்குன்னு நெனச்சிருந்தேன்."

ஏழு வேகமேற்றிகள். கணினியைத் திறந்ததும் ஏழும் ஒரே நேரத்தில் எழுந்து, அதே கணினியைப் பெருக்கி, துடைத்து, காவல் காத்து, ஒன்றையொன்று சந்தேகப்பட்டு வேவு பார்த்து, இடையே களைத்துப்போய் நம்மிடம் அனுமதி கேட்கும். மிச்சமிருக்கிற மூச்சில்தான் ஜோஸ்பின் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். ஏழையும் ஒவ்வொன்றாக வெளியே அனுப்பினாள். திங்கட்கிழமை ஒன்பதே முக்காலுக்கு ப்ராஜெக்டைக் கொடுத்தும்விட்டாள்.

அடுத்த ஞாயிறு மாமா மனம் ஆறி வந்தார். சுவிட்சைப் போட்டார். அத்தையின் விரலில் நான்காவது மணி உருளும்போதே திரை விரிந்துவிட்டது. மாமா முகத்தில் ஒரு வெளிச்சம்.

"பாத்தியாக்கா? நான் போட்டதெல்லாம் இப்பத்தான் செட் ஆவி வேல செய்யுது. பொறுமை வேணும்னு இதுக்குத்தான் சொல்றது."

ஜோஸ்பின் வாயைத் திறந்தாள். அத்தை முந்திக்கொண்டார்:

"ஆனா ஒண்ணுடா பிரகாஷு, இம்மா வேகம் ஆவாது. ஒரு பத்து மணி உருட்ட முடியல, அதுக்குள்ள வந்து மூஞ்சிக்கு நேரா நிக்குது. அந்த ராக்கெட்ட மட்டும் திருப்பிப் போட்டுக் குடேன்."

மாமாவின் கை கழுத்துக் கயிற்றுக்குப் போனது.

இதைப் படித்துச் சிரிக்கிறீர்களா? நல்லது. சிரித்து முடித்ததும், போனில் திறந்து கிடக்கிற எல்லாவற்றையும் கட்டைவிரலால் மேலே தள்ளித் தள்ளி மூடிவிட்டு, 'இனி வேகமாக ஓடும்' என்று திருப்திப்படுவீர்களே, அதையும் கொஞ்சம் கவனியுங்கள். அப்படியே கணினித் திரையின் மூலையில் கடிகாரத்துக்குப் பக்கத்தில் எத்தனை படம் நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

ஒன்றுமே இல்லையா? அப்படியானால் இன்னும் மோசம். கடைசியாக எந்த அக்கா வீட்டுக் கணினியில் கை வைத்துவிட்டு வந்தீர்கள்?