மேகமாறனுக்கு டூப் கிடையாது

மனிதர்களில் ஓர் இனம் உண்டு. வயது நாற்பதைத் தாண்டியிருக்கும், நெற்றி உச்சந்தலை வரை போயிருக்கும், காலையில் சர்க்கரை மாத்திரையும் மாலையில் நடைப்பயிற்சியும் ஒழுங்காக நடக்கும், வீட்டில் மனைவி சொன்னதையும் ஆபீசில் மேலதிகாரி சொன்னதையும் கேட்டு நடந்துகொள்வார்கள். ஆனால் உள்ளே ஒரு பழைய ஞாயிற்றுக்கிழமைக் காலை மட்டும் முடியாமல் அப்படியே நின்றுகொண்டிருக்கும். அந்தக் காலையில் டிவிப் பெட்டிக்கு முன்னால் ஒரு பையன் சப்பணம் போட்டு உட்கார்ந்திருப்பான். தட்டில் இட்லி ஆறிக்கொண்டிருக்கும். அவனை எழுப்ப யாராலும் முடியாது.

இவர்களை அடையாளம் காண்பது சுலபம். "அப்பல்லாம்..." என்று தொடங்குவார்கள். தப்பிக்க நினைப்பவர்கள் அந்த ஒரு சொல் முடிவதற்குள் ஓடிவிட வேண்டும். கல்யாண வரவேற்பில் மாப்பிள்ளை பக்கத்தில் போட்டோவுக்கு நிற்கும்போது ஆரம்பிப்பார்கள். பல் டாக்டரிடம் வாயைத் திறந்து வைத்துக்கொண்டே ஆரம்பிப்பார்கள். துக்கம் கேட்கப் போன வீட்டில், "அவனும் நானும்தான் ஒண்ணா உக்காந்து பாப்போம்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டே ஆரம்பித்து, கொஞ்ச நேரத்தில் இழவு வீட்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை அடுக்கி வில்லனின் கோட்டையைக் கட்டிக் காட்டிக்கொண்டிருப்பார்கள். கதை என்ன என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கதை யாருக்கு ஞாபகம் இருக்கிறது? நன்றாக இருந்தது என்பதுதான் ஞாபகம்.

இந்த இனத்தில் கலப்படமில்லாத சரக்கு வேண்டுமென்றால் ஜவஹரைப் போய்ப் பாருங்கள். அப்பா தெற்கேயிருந்து வந்து தி. நகரில் போட்ட பாத்திரக் கடையின் கல்லாவில் இப்போது அவர்தான் உட்கார்ந்திருக்கிறார். பிறந்து வளர்ந்து குடியிருப்பதெல்லாம் மந்தைவெளி. அவருடைய நாயகன் மேகமாறன்.

மேகமாறன் யார் என்று கேட்பவர்கள் வேறு கடையில் பாத்திரம் வாங்கிக்கொள்வது நல்லது. ஜவஹருக்கு ஒன்பது வயதாக இருந்தபோது ஞாயிறு காலைகளில் டிவியில் வந்தவர் மேகமாறன். முகத்தை முழுக்க மூடும் வெள்ளிக் கவசம், தோளில் போர்வை, இடுப்பில் ஒன்றுக்கும் பயன்படாத ஒரு விசில். நகரத்து மழையையெல்லாம் திருடிக்கொண்டு போக வந்த குரூரகேது என்ற கொடியவனை வாரம் தவறாமல் விரட்டினார். சென்னையில் மழையைத் திருட ஒருவன் வெளியூரிலிருந்து வர வேண்டுமா என்று அன்றைக்கு யாரும் கேட்கவில்லை. "மேகம் கலையலாம், மாறன் கலைய மாட்டான்!" என்று அவர் முழங்கியபோது மந்தைவெளியே எழுந்து நின்றது என்பார் ஜவஹர். டிவி இருந்த வீடு அந்தத் தெருவில் ஒன்றே ஒன்றுதான் என்பதையும் அவரேதான் சொல்வார்.

ஒரு வாரம் மேகமாறன் மேல்நிலைத் தண்ணீர்த் தொட்டியின் உச்சியில் ஏறி, போர்வை படபடக்க, இரண்டு கைகளையும் விரித்துக் கீழே குதித்தார். கயிறு இல்லை, கம்ப்யூட்டர் இல்லை, டூப் இல்லை. மறுநாள் மாலை ஜவஹர் கழுத்தில் பெட்ஷீட்டைக் கட்டிக்கொண்டு, மாடி சன்ஷேடில் ஏறி, இரண்டு கைகளையும் விரித்துக் கீழே குதித்தார். அவருக்கும் டூப் இல்லை.

புத்தூர்க் கட்டு போட்டார்கள். எலும்பு சேர்ந்தது. வலது முழங்கை மட்டும் நேராக நீளமாட்டேன் என்றுவிட்டது. பிற்பாடு போலீஸ் சப்-இன்ஸ்பெக்டர் வேலைக்கு எழுத்துத் தேர்வில் தேறி, மைதானத்து ஓட்டத்தில் தேறி, கடைசியில் "கையை நீட்டுப்பா" என்ற இடத்திலிருந்து ஜவஹர் திரும்பி வந்தார். வந்தவர் நேராக அப்பாவின் கல்லாவுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். காக்கிச் சட்டை போட வேண்டும் என்று எவ்வளவு ஆசைப்பட்டார் என்பது அவருக்குத்தான் தெரியும். ஆனால் இதை யாரிடமும் அவர் புலம்பியதில்லை. மேகமாறன் நிஜமாகவே குதித்தார், நானும் நிஜமாகவே குதித்தேன், இந்தக் கை அதற்குக் கிடைத்த பதக்கம் என்று வைத்துக்கொண்டார். அதில் மேகமாறன் குதித்தது பொய் என்று ஆகிவிட்டால் மிஞ்சுவது ஒரு கோணல் கைதான். அதனால் அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் யாரையும் வாய் திறக்க விட்டதில்லை.

இட்லிப் பானை வாங்க வரும் அம்மாள் யாராவது அந்தக் கையைப் பார்த்து, "ஐயையோ, எங்க விழுந்தீங்க?" என்று கேட்டுத் தொலைத்தால் போச்சு. சட்டைக் கை மடிக்கப்படும். முழங்கை கண்ணாடி மேஜை மேல் பார்வைக்கு வைக்கப்படும். "விழல மேடம். குதிச்சேன். இப்ப இருக்கறவனுங்க கயித்துல தொங்கிட்டு வராங்க. அப்பல்லாம்..." அந்த அம்மாள் பானை வாங்காமலே வெளியேறிய நாட்கள் உண்டு. ஜவஹர் அதைப் பொருட்படுத்துவதில்லை.

பொருட்படுத்துவது அவர் மனைவி சண்முகவடிவு. கல்யாணமான புதிதில் அந்தக் கையைத் தடவித் தடவி அழுதவள், இப்போதெல்லாம் கதை ஆரம்பித்த உடனே புளி கரைக்க எழுந்து போய்விடுவாள். "இன்னும் எத்தன மட்டம்தான் குதிப்பிய? அந்தக் கையி பாவமில்லையா?" என்று அடுப்படியிலிருந்து குரல் வரும்.

ஜவஹருக்கு ஆறுதல் 'மேகமாறன் படை' என்ற வாட்ஸப் குழு. அதில் வங்கி மேலாளர் உண்டு, கண் டாக்டர் உண்டு, கார் சீட்டுக்கு உறை தைக்கும் பாலு உண்டு. பாலுதான் அன்று சன்ஷேடுக்குக் கீழே கிடந்த ஜவஹரைத் தூக்கிக்கொண்டு ஓடியவன். படை மாதம் ஒருமுறை கூடும். கூடினால் வினாடி வினா நடக்கும். கேள்வி கேட்பவர் எப்போதும் ஜவஹர். மேகமாறனைப் பற்றித் தவறாகப் பதில் சொன்னவர் எழுந்து பின்வரிசைக்குப் போய்விட வேண்டும். கண் டாக்டர் வருகிற நாளெல்லாம் பின்வரிசையில்தான் இருப்பார்.

இப்படியிருக்கும்போது ஒருநாள் பாலு மூச்சு வாங்கக் கடைக்குள் ஓடிவந்தான். "மச்சி, இன்னா மச்சி நீ! நம்ம தலைவரு நம்ம ஏரியாலயேதான் கீறாரு! சீட்டு அளவெடுக்க ஒரு வூட்டுக்குப் போனேன், செவுத்துல போட்டோ மாட்டிக் கீது. வெள்ளிக் கவசத்தக் கக்கத்துல இடுக்கிக்கினு நிக்கறாரு!"

வெங்கடரமணன் என்று பெயர். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், மயிலாப்பூர் சபாக்களில் நாடகம் போட்டவர், ஆபீசுக்கு லீவு எழுதிக் கொடுத்துவிட்டு மேகமாறனாகப் போய் வந்தவர். ஜவஹர் வீட்டுக்கு அடுத்த தெரு. பல வருஷமாகப் பால் பூத்தில் இருவரும் முன்னும் பின்னுமாக நின்றிருக்கிறார்கள். போன மாதம் ஸ்கூட்டரைத் தன் வீட்டு வாசலை மறித்து நிறுத்தியதற்காக ஜவஹர் அவரோடு சண்டை கூடப் போட்டிருந்தார். கவசத்துக்குள் இருந்த முகத்தை யார் கண்டது?

ஜவஹர் போய்க் காலில் விழுந்தார். "இன்னமுமா யாராவது ஞாபகம் வெச்சுண்டிருக்கேள்?" என்று பெரியவர் கூச்சத்தோடு சிரித்தார். பாராட்டு விழாவுக்கு நாள் குறித்தார்கள்.

ஆழ்வார்பேட்டையில் ஓர் அடுக்ககத்தின் கூட்ட அறை. படையினர் நீலப் போர்வையோடு வந்திருந்தார்கள். கண் டாக்டருடைய போர்வையில் சலவைக் கடைச் சீட்டு தொங்கியது. வெங்கடரமணன் மேடையேற இரண்டு பேர் கைத்தாங்கல் கொடுத்தார்கள். மாலை, சால்வை, வாழ்த்துரை எல்லாம் முடிந்தபின், வழக்கம் மாறக் கூடாது என்று வினாடி வினாவும் வைத்தார்கள். தலைவருக்கே முதல் கேள்விகள். அது மரியாதை.

"மேகமாறனின் போர்வை என்ன நிறம்?"

கறுப்பு-வெள்ளை டிவியில் பார்த்த கூட்டம் அது. இருந்தாலும் நீலம் என்று பல வருஷத்துக்கு முன்பே ஏகமனதாக முடிவாகியிருந்தது.

"மஞ்சள்," என்றார் வெங்கடரமணன். "எங்க மன்னியோட பழைய புடவை. கிழிச்சுத் தெச்சா. ஜரிகை கழுத்துல குத்தும் பாருங்கோ, உசிரே போயிடும்."

படையினர் குனிந்து தங்கள் நீலப் போர்வைகளைப் பார்த்துக்கொண்டார்கள். ஜவஹர் பெரிய மனசு பண்ணி, "சார் ஜோக் அடிக்கிறார்" என்று அறிவித்தார். எல்லோரும் சிரித்தார்கள். அடுத்தது கேள்வியே அல்ல. கூட்டம் முழுக்க ஒரே குரலில் பதில் சொல்லிப் பழகிய விஷயம்.

"தண்ணீர்த் தொட்டியிலிருந்து குதித்தது யார்?"

"அதுவா? மெஹபூப் பாஷா," என்றார் பெரியவர் சந்தோஷமாக. "சண்டைக் கோஷ்டியில இருந்தான். தங்கமான மனுஷன். அவன் குதிச்சான், நான் கீழ நாற்காலியில உக்காந்துண்டு காபி குடிச்சுண்டிருந்தேன். நேக்கு மாடிப்படி ஏறினாலே தலை சுத்தும்பா."

"தப்பு," என்றார் ஜவஹர்.

"தப்பா?"

"தப்பு சார். குதிச்சது நீங்க."

"நான் குதிக்கலையேப்பா..."

"நல்லா யோசிச்சு மாத்திச் சொல்லுங்க. இன்னொரு சான்ஸ் தரேன்."

"என்ன யோசிச்சாலும் பாஷாதான்பா."

பாலு ஓடிவந்து ஜவஹரின் காதில், "டேய், சீஃப் கெஸ்ட்டுடா அவரு" என்றான். "ரூல்னா ரூல்," என்றார் ஜவஹர். அவருடைய இடது கை வலது முழங்கையைப் பிடித்துக்கொண்டிருந்தது. மேகமாறனைப் பற்றித் தவறாகப் பதில் சொன்ன குற்றத்துக்காக மேகமாறன் சால்வையும் மாலையுமாக மேடையை விட்டு இறக்கப்பட்டு, அதே இரண்டு பேர் கைத்தாங்கலாகக் கூட்டிக்கொண்டு போக, பின்வரிசையில் கண் டாக்டருக்குப் பக்கத்தில் உட்கார வைக்கப்பட்டார். வினாடி வினா தொடர்ந்து நடந்தது.

அதே வரிசையில்தான் சண்முகவடிவும் பஜ்ஜித் தட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"உங்காத்துக்காரர் என்னை ஃபெயிலாக்கிட்டாரேம்மா," என்றார் பெரியவர். கோபம் எதுவும் இல்லை. வேடிக்கையாகத்தான் இருந்தது அவருக்கு.

"மனசுல வச்சுக்கிடாதிய சார். நீங்க குதிக்கலன்னா அவுகளுக்கு அந்தக் கையி வீணாப் போயிரும்லா?" என்றாள் சண்முகவடிவு. பிறகு சன்ஷேடையும், பெட்ஷீட்டையும், "கையை நீட்டுப்பா" என்ற மைதானத்தையும் தணிந்த குரலில் சொல்லி முடித்தாள். எத்தனையோ தடவை கேட்டுச் சலித்த கதை. அன்றுதான் தன் வாயால் முதல்முறையாகச் சொன்னாள். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பெரியவர் பாதி கடித்த பஜ்ஜியைத் தட்டில் வைத்தார்.

கூட்டம் கலைந்தது. ஜவஹர் யார் முகத்தையும் பார்க்காமல் பேனரைச் சுருட்டிக்கொண்டிருந்தார். வெங்கடரமணன் மெதுவாக நடந்து வந்து அந்த முழங்கையைப் பிடித்தார்.

"வலிக்கறதா?"

"மழை வந்தா கொஞ்சம் சார்."

"கொழந்தைகள் பாக்கறா, இதெல்லாம் யாரும் பண்ணாதேங்கோன்னு ஒரு வார்த்தை போட்டிருக்கலாம். எங்களுக்குத் தோணலை. மன்னிச்சுடுப்பா."

ஜவஹருக்கு வாழ்க்கையில் முதல்முறையாக "அப்பல்லாம்" வரவில்லை. உதடு கோணியது. "சார்... நான் பாத்தேன் சார். நீங்கதான் குதிச்சீங்க," என்றார். நாற்பத்தேழு வயது ஆண்பிள்ளை, சின்னப் பையன் மாதிரி தேம்பித் தேம்பிச் சொன்னார்.

பெரியவர் கையைப் பார்த்தார். பின்னால் நின்ற சண்முகவடிவைப் பார்த்தார்.

"ஆமாம்பா," என்றார். "குதிச்சேன். வயசாயிடுத்தோல்லியோ, எல்லாம் கொழம்பறது. பாஷா குதிச்சது வேற சீன்."

"டூப் இல்லாம?"

"டூப்பாவது ஒண்ணாவது. நானேதான்."

மாடிப்படி ஏறினாலே தலைசுற்றும் அந்த மனிதர் ஆயுசில் முதல்முறையாகக் குதித்தது அன்றைக்குத்தான்.

ஜவஹர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். மிச்சமிருந்த பத்துப் பேரைக் கைதட்டிக் கூப்பிட்டு, தலைவரின் பதில் திருத்தப்பட்டது, பின்வரிசைத் தண்டனை ரத்து என்று அறிவித்தார். போர்வை நிறத்தைப் பற்றியும் மறுபரிசீலனை உண்டா என்று கண் டாக்டர் கேட்டார். கிடையாது என்றுவிட்டார் ஜவஹர். வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் சண்முகவடிவு ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து அந்தக் கோணல் கையின் மேல் தன் கையை வைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் இட்லிப் பானை வாங்க வந்த அம்மாளிடம் கதை இன்னும் கொஞ்சம் நீளமாகியிருந்தது. "அவரே ஒத்துக்கிட்டார் மேடம். முதல்ல தன்னடக்கத்துல இல்லைன்னார். விடுவேனா நான்?"

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் ஒரு சின்னச் சந்தேகம். மேலே மேகமாறனின் பெயரைப் படித்ததும், 'அட, நாமும் பார்த்த மாதிரி இருக்கிறதே' என்று உங்களுக்குத் தோன்றியதா இல்லையா? குரூரகேதுவின் சிரிப்பு லேசாகக் காதில் விழவில்லை? மன்னியின் மஞ்சள் புடவை என்றபோது, 'சேச்சே, நீலம்தான்' என்று ஒரு கணம் கோபம் வரவில்லை? அப்படியொரு தொடர் எந்த டிவியிலும் எந்த ஞாயிற்றுக்கிழமையும் வந்ததில்லை ஐயா. இங்கே உங்களுக்காக இட்டுக்கட்டியது. "அதனால் என்ன, நன்றாகத்தானே இருந்தது" என்கிறீர்களா? சரி. கதவைச் சாத்திக்கொண்டு, சட்டைக் கையை மடித்து, உங்கள் முழங்கையை ஒருமுறை நேராக நீட்டிப் பாருங்கள்.