சரிசமமாக உட்காரும் விழா

நாற்காலிகள் இரண்டும் ஒரே உயரம்தான். ஒரே மரத்தில் இழைத்து, நூல் பிடித்துச் சரிபார்த்தவை. உட்கார வந்தவர்கள்தான் ஒரே உயரமாக இல்லை.

சுல்தானின் கூடாரக்காரர் நசூஹ் இதை முன்பே யோசித்திருக்க வேண்டும். இப்போது டானூப் கரைப் புல்வெளியில், எல்லைக் கல்லுக்கு இந்தப்புறம் சுல்தானின் பிரதிநிதியான பாஷா கொடிமரம் மாதிரி உட்கார்ந்திருந்தார். அந்தப்புறம் வியன்னாச் சக்கரவர்த்தியின் தூதர், கால் தரைக்கு எட்டாமல் தொங்கிக்கொண்டிருந்தார்.

அதுவரை எல்லாம் அற்புதமாகத்தான் நடந்தது. வழக்கப்படி இருவரும் ஒரே நேரத்தில் குதிரையிலிருந்து இறங்கி, ஒரே நேரத்தில் நடந்து, ஒரே நேரத்தில் உட்கார்ந்தார்கள். இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் குதிரைப்படை. ஒரு குதிரைகூடக் கனைக்கவில்லை. இரண்டு சாம்ராஜ்யங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பார்த்து நசூஹுக்கு மெய்சிலிர்த்தது. இத்தனை பெரிய உலகத்துக்கு நடுவில் என் நாற்காலியா என்று அவர் மலைத்து நின்றபோது, இரு தரப்புக்கும் மொழிபெயர்க்கும் துபாஷி மானோல் ஓடிவந்தார்.

"அண்ணே, தூதர் கொதிக்கிறார். அவங்க சக்கரவர்த்தியை நம்ம சுல்தானுக்குக் கீழே உட்கார வச்சுட்டோமாம்."

"நாற்காலி ரெண்டும் ஒரே உயரம்யா!"

"நாற்காலி சரி. தலை?"

நசூஹ் மெத்தை தேடி ஓடினார். இன்றைக்குச் சமாதானம் புதுப்பிக்கப்படாவிட்டால் போர். போர் என்றால் முதல் குண்டு விழுவது எல்லைக் கோட்டையில். அங்கேதான் அவருடைய ஒரே மகன் இத்ரீஸ் காவலில் இருந்தான்.

மனைவி குல்சும் சொல்லித்தான் அனுப்பியிருந்தாள். "உங்க கூடாரத்துல ஏதாவது கோணலாகி என் புள்ளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா, வீட்டுப் பக்கம் வந்துடாதீங்க. அந்தக் கூடாரத்துலயே குடித்தனம் பண்ணிக்குங்க."

நசூஹ் மெத்தை ஒன்றைக் கொண்டுபோய்ப் போட்டார். தூதர் ஏறி உட்கார்ந்தார். இப்போது அவர் தொப்பி பாஷாவின் தலைப்பாகையைத் தாண்டி நின்றது.

பாஷா உதடு அசையாமல் கேட்டார். "டேய் நசூஹ், என் தலைக்கு மேலே என்னமோ ஆடுதே, என்னடா அது?"

"தொப்பி இறகுங்க ஐயா."

"சுல்தானுக்கு மேலே ஒரு கோழி இறகு! நீயும் பார்த்துக்கிட்டு நிக்கறே?"

தலைப்பாகைக்கு மேல் இன்னொரு துணி சுற்றப்பட்டது. பதிலுக்குத் தூதரின் ஆட்கள் அவர் தொப்பியில் இன்னும் நீளமாக ஓர் இறகைச் செருகினார்கள். அது நாற்காலிகளுக்கு மேல் விரித்திருந்த கூடாரக் கூரையில் முட்டி வளைந்தது.

"சக்கரவர்த்தியைத் தலைகுனிய வச்சுட்டீங்களாம்" என்றார் மானோல்.

நசூஹ் கூரையைக் கழற்றினார். வெயில் நேராகத் தூதர் மூஞ்சியில் அடித்தது.

"இப்ப என்னய்யா?"

"அவருக்கு மூஞ்சியில வெயிலாம், நம்மவருக்கு முதுகுலதானாம்."

நாற்காலிகளைப் பக்கவாட்டில் திருப்பினார்கள். எல்லை வளைகிற அந்த இடத்தில் பாஷாவின் முதுகு இஸ்தான்புல்லைப் பார்த்தது.

"என் சுல்தானுக்கே முதுகைக் காட்ட வச்சுட்டியேடா, பாவி!"

இனிக் காப்பிதான் கதி. காப்பி குடித்துக்கொண்டே சண்டை போட்டவர்களை நசூஹ் பார்த்ததில்லை. ஆனால் யாருக்கு முதலில் கொடுப்பது? இதில் ஏமாறக்கூடாது என்று அவரே இரண்டு கைகளிலும் ஒவ்வொரு கிண்ணமாக ஏந்தி, நடுவில் நின்று, ஒரே நேரத்தில் நீட்டினார். இதைவிடச் சமம் உண்டா?

பாஷாவின் கண்கள் பிதுங்கின. நசூஹ் குனிந்து பார்த்தார். பாஷாவுக்கு நீட்டியிருந்தது இடது கை!

பதறிப்போய்க் கைகளை மாற்றினார். இரண்டு கிண்ணங்களும் மோதிக் கவிழ்ந்து, பாஷாவின் அங்கியிலும் தூதரின் வெள்ளைக் காலுறையிலும் காப்பி கொட்டியது. உட்கார்ந்த பிறகு சரிசமமாக நடந்த முதல் காரியம் அதுதான்.

இருவரும் ஒரே நேரத்தில் எழுந்தார்கள். ஒரே நேரத்தில் சொன்னார்கள்.

"போர்!"

நசூஹ் ஓடினார். கோட்டைக்குப் போகும் பாதை குன்றின் மேலே ஏறி இறங்கும். மகனை எப்படியாவது இழுத்துக்கொண்டு வந்துவிட வேண்டும். அழுதுகொண்டே உச்சிக்கு ஏறியவர், அப்படியே நின்றுவிட்டார்.

குன்றுக்கு அப்பால் பூமியே தெரியவில்லை. கூடாரங்கள், ஒட்டகங்கள், வானம் தொடங்கும் இடம்வரை ஈட்டிமுனைகள். நடுவே, கோயில் தூண்களைப் படுக்கவைத்த மாதிரி பீரங்கிகள். ஒவ்வொன்றையும் இழுக்க ஓர் எருமை மந்தை. அந்த மூச்சிரைப்பில் தரை அதிர்ந்தது.

அவருக்கு அழுகைகூட நின்றுபோயிற்று. 'பாஷா வாய் மூடறதுக்குள்ளே சுல்தானோட படை வந்து நிக்குதே! என்ன வல்லமை! இது தெரியாமலா நான் காப்பியைக் கொட்டினேன்?'

தடதடவென்று இறங்கி, முதல் பீரங்கியின் எருமைக்காரர் காலில் விழுந்தார்.

"அண்ணே, அண்ணே, திருப்பிக்கிட்டுப் போயிடுங்க! என் புள்ள கோட்டையில இருக்கான். எல்லாம் என்னால வந்த சின்னத் தகராறு. பாஷா கால்ல விழுந்து நாளைக்கே சரி பண்ணிடறேன்!"

எருமைக்காரர் கடித்துக்கொண்டிருந்த வெங்காயத்தை வாயிலிருந்து எடுத்தார்.

"என்னது, தகராறு அதுக்குள்ள நடந்துபோச்சா? அடுத்த வாரம்தான் நடக்கும்னு சொல்லித்தானேப்பா, மூணு மாசம் முந்தி, பனி உருகறதுக்குள்ளயே எங்களை ஊர்லேருந்து கிளப்பிவிட்டாங்க!"